தொட்ட கையும் தொடாத கையும்

சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் மடியில் கொஞ்சம் புற்றுமண் முடிந்துகொண்டு வருவார்கள். அரியும் அரனும் ஒரே உடம்பாக நிற்கிற கோயில் அது. யார் பெரியவர் என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜர்கள் வழக்காடினார்களாம். அந்த வழக்கைத் தீர்த்துவைக்கக் கோமதியம்மை தவமிருந்தாள் என்பது தலபுராணம். ஆடித் தபசு அதற்காகத்தான் நடக்கிறது. நாகர்கள் குடியிருந்த இடமாதலால் அங்கே புற்றுமண்தான் பிரசாதம். மேலநீலிதநல்லூர், குருவிகுளம், பனவடலிச்சத்திரம் என்று சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களுக்கெல்லாம் சொறி, சிரங்கு, தேமல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த மண்.

மண்ணுக்கு மருந்துக் குணம் உண்டா என்பதை வைத்தியர்கள் சொல்லட்டும். கதை எழுதுகிறவனுடைய கண்ணுக்கு வேறொரு காட்சிதான் படுகிறது. சிரங்கு பிடித்த பிள்ளையின் கஷ்டம் அரிப்போடு முடிவதில்லை. பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். பாயைத் தனியாகப் போடுவார்கள், தம்ளரைத் தனியாக வைப்பார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட தோலின்மீது, மண்ணைக் குழைத்துத் தடவுவதற்காகவாவது ஒரு தாயின் விரல் பட்டே தீரவேண்டும். மண் சுகப்படுத்துகிறதோ இல்லையோ, அந்த விரல் பாதியைச் சுகப்படுத்திவிடும்.

அந்த விரலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தமிழ்க் கதைகளில் அது எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள், யாருக்கு அது கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று ஒரு சிறு சரித்திரம் பார்க்கலாம். காதலன் கைபட்டதும் கதாநாயகிக்கு மின்சாரம் பாய்ந்த கதைகளை நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தால் இந்தப் புத்தகம் முழுவதும் போதாது. மேலும், அந்த மின்சாரத்தில் விளக்கு எரிந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

தொடுதல் என்பது தமிழனுக்குப் புது விஷயம் அல்ல. உயிர்களை அறிவு வகையால் பிரித்த தொல்காப்பியர், முதல் அறிவாக வைத்தது தொட்டு அறிகிற அறிவைத்தான். புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள ஒரே அறிவு அது என்கிறார். சுவை, மணம், காட்சி, ஓசை எல்லாம் அதற்கு மேலே கட்டிய மாடிகள். வள்ளுவரும் மக்கட்பேற்றைச் சொல்லும்போது, பெற்ற குழந்தையின் உடம்பு தன்மேல் படுகிற சுகத்தை மறக்காமல் தனியே எடுத்துச் சொல்லியிருக்கிறார். கைராசிக்கார வைத்தியர் என்கிறோம். தொட்டது துலங்கும் என்கிறோம். பெரியவர்களைக் கண்டால் தொட்டுக் கும்பிடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே வாயால்தான் ‘தொட்டால் தீட்டு’ என்றும் சொல்லிவந்தோம். இரண்டும் ஒரே மொழியில், ஒரே வீட்டில், சில சமயம் ஒரே மனிதர் வாயில் வழங்கிய வார்த்தைகள். இந்த முரண்பாட்டை மறந்துவிட்டுத் தமிழ்க் கதையின் சரித்திரத்தைச் சொல்ல முடியாது.

அச்சுக்கு வருமுன் கதை எங்கே இருந்தது? பாட்டியின் மடியில் இருந்தது. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து வீடுகளில் மட்டும் அல்ல, தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்திலும் அப்படித்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, வாசலில் நார்க்கட்டிலோ பாயோ விரித்தாயிற்று. பேத்தி மடியில் தலை வைத்துப் படுத்திருப்பாள். பாட்டியின் ஒரு கை பேன் பார்த்துக்கொண்டிருக்கும். வாய் ராஜகுமாரியை ராட்சசன் தூக்கிப்போன இடத்துக்கு வந்திருக்கும். கதையில் பயம் வருகிற இடத்தில் விரல் சற்று நிற்கும். குழந்தை நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ராட்சசன் செத்ததும் விரல் மறுபடி நகரும். குழந்தை கேட்டது பாதி வாயிலிருந்து, பாதி விரலிலிருந்து. பின்னாளில் கரிசல் காட்டு நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்த கி. ராஜநாராயணனைப் போன்றவர்கள் கதைகளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த விரலை எந்தத் தொகுப்பில் சேர்ப்பது?

1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியாயிற்று. அதிலிருந்து கதை காகிதத்துக்குக் குடிபோயிற்று. ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896-இல் நூலாக வந்தது. எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரரான அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898-இல் வந்தது. இவை பெரிய காரியங்கள். ஆனாலும் ஒரு நஷ்டம் நேர்ந்தது. கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலே இருந்த கை போய்விட்டது. வாசகர் தனியே விளக்கடியில் உட்கார்ந்து படிக்கிறார். அவர் தலையைத் தடவிக்கொடுக்க யாரும் இல்லை. வேதநாயகம் பிள்ளை காலத்து நாவலில் துக்கப்படுகிறவருக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் உபதேசம்தான். நீதி சொல்லுவார்கள், உபகதை சொல்லுவார்கள். உபதேசம் காதுக்குப் போகும். உடம்புக்குப் போய்ச் சேராது.

போன கையை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? ஒரே வழிதான் உண்டு. வாசகரின் தலையைத் தொட முடியாவிட்டால், கதைக்குள்ளே ஒருவர் மற்றொருவரைத் தொடவேண்டும். அதைப் பார்த்து வாசகர் தம் உடம்பில் உணரவேண்டும். இதை ருஷ்யர்கள் நமக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1886-இல் டால்ஸ்டாய் ‘இவான் இலியிச்சின் மரண’த்தை எழுதினார். சாகக் கிடக்கிற நீதிபதிக்கு மனைவியின் அநுதாபம் உதவவில்லை, டாக்டர்களின் சாமர்த்தியமும் உதவவில்லை. கெராசிம் என்ற வேலைக்காரப் பையன் அவருடைய கால்களைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருக்கிறான். அந்த மனிதருக்கு அப்போதுதான் வலி குறைகிறது. அதே 1886-இல் செகாவ் ஒரு குதிரை வண்டிக்காரனின் கதையை எழுதினார். மகனைப் பறிகொடுத்தவன் தன் துக்கத்தை ஊரில் ஒவ்வொருவரிடமாகச் சொல்லப் பார்க்கிறான். கேட்பாரில்லை. கடைசியில் தன் குதிரையிடம் சொல்லுகிறான். அது தீனியை மென்றுகொண்டே அவன் கைகளின்மேல் மூச்சு விடுகிறது. மனிதர் தரமுடியாததை ஒரு பிராணியின் சூடான மூச்சு தந்துவிட்டது.

தமிழில் அந்த வேலையைச் செய்தவர் புதுமைப்பித்தன். குரூரமான பரிகாசக்காரர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய ‘செல்லம்மாள்’ 1943-இல் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்குப் பிழைக்க வந்த பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக் கடைக் குமாஸ்தா. மனைவி தீராத சீக்காளி. பிள்ளை குட்டி இல்லை, உற்றார் உறவினர் பக்கத்தில் இல்லை. அவரே அடுப்பு மூட்டுகிறார், வெந்நீர் வைக்கிறார், அவள் மயங்கிக் கிடக்கும்போது கைகாலைத் தேய்த்துவிடுகிறார். அந்தக் கதையில் அவர் ‘என் கண்ணே’ என்று ஒரு தடவைகூடக் கொஞ்ச வேண்டியதில்லை. தேய்த்துவிடுகிற கை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அவள் உயிர் போனபிறகும் அந்தக் கைக்கு ஓய்வில்லை. உடம்பின்மேல் உட்கார வருகிற ஈயை விரட்ட விசிறி வீசிக்கொண்டிருக்கிறது. தொட்டும் பயன் இல்லாமல் போன பிறகும் தொண்டை நிறுத்த மனம் வராத மனிதரை, அதற்கு முன் தமிழ்க் கதையில் நான் பார்த்ததில்லை.

இந்தக் காட்சியின் புதுமையைச் சற்று யோசிக்கவேண்டும். வீட்டில் சீக்காளிக்குக் கால் பிடிப்பதும் மேல் துடைப்பதும் பெண்களின் வேலை என்று ஆண்கள் சௌகரியமாக முடிவு கட்டிய ஊர் இது. அந்த வேலையை ஒரு குமாஸ்தாவின் கையில் கொடுத்தார் புதுமைப்பித்தன். கணவன் என்ற அதிகாரம் தேய்ந்து, வெறும் கை மட்டும் மிஞ்சுகிறது. அவரே பிழைப்பைத் தேடி மனைவியைப் பிரிந்து நாள் கழித்தவர்; 1948-இல் க்ஷயரோகத்தால் இறந்தவர். பிரிந்திருந்த காலங்களில் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தலைப்பில் பின்னால் நூலாயின. கை எட்டாத தூரத்தில் காகிதம் எத்தனை ஏழ்மையானது என்பதை அவர் அநுபவத்திலேயே அறிந்திருப்பார்.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையிலும் இதே சூட்சுமம்தான். கடவுள் பட்டணத்துக்கு வருகிறார். பெரியவர்கள் அவரோடு பேரம் பேசுகிறார்கள், தர்க்கம் பண்ணுகிறார்கள், சந்தேகப்படுகிறார்கள். கந்தசாமிப் பிள்ளையின் குழந்தை வள்ளிதான் தாத்தா என்று உறவு கொண்டாடி மடியில் ஏறிக்கொள்கிறாள். கடவுளைத் தொட்டுப் பார்க்க எந்தச் சாஸ்திரமும் அவளைத் தடுக்கவில்லை. கடவுளுக்கும் பூலோக விஜயத்தில் கிடைத்த லாபம் அதுவாகத்தான் தோன்றுகிறது.

புதுமைப்பித்தனுக்குப் பின் இந்தக் கையை எடுத்துக்கொண்டவர்கள் கரிசல் பூமியிலிருந்து வந்தார்கள். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்று ஒரு சிறிய கிராமம். 1923-இல் அங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். சின்ன வயதுச் சிநேகிதர்கள். ஒரே கிராமத்திலிருந்து இரண்டு பெரிய கதாசிரியர்கள் என்பது தமிழில் அபூர்வம்.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தாயம்மாள் ஏழை. தீபாவளிக்கு வீட்டில் உள்ள துணி எண்ணி வாங்கியது. அந்தச் சமயத்தில் ஓர் அநாதைப் பையன் வந்து சேருகிறான். எச்சில் இலையைத் தேடுகிறவன். உடம்பெல்லாம் சிரங்கு. அவன் பெயர் ராஜா! தாயம்மாள் அவனுக்குச் சோறு போட்டதோடு நிறுத்தியிருந்தால் அது தர்மம் என்ற கணக்கில் சேர்ந்திருக்கும். அவள் அவனைத் தன் பிள்ளைகளோடு உட்கார்த்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கதையின் உயிர் அங்கே இருக்கிறது. சோற்றைத் தூரத்தில் நின்றும் போடலாம். காசை விட்டெறியலாம். எண்ணெயைத் தூரத்தில் நின்று தேய்க்க முடியாது! எந்தத் தோலைப் பார்த்து ஊர் விலகிப் போயிற்றோ, அதே தோலில் உள்ளங்கை முழுவதும் படவேண்டும்.

பக்கத்துப் பணக்கார வீட்டுக்கு மாப்பிள்ளையாக ஒரு நிஜ ராஜா வந்திருக்கிறார். தாயம்மாளின் மகள் மங்கம்மாள், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று பெருமையோடு போய்ச் சொல்லுகிறாள். குழந்தை அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அம்மா தொட்டுக் குளிப்பாட்டிய பிள்ளை எப்படிக் குறைந்தவனாக இருக்க முடியும்? சாதாரணப் பையனை ராஜா ஆக்கியது கிரீடம் அல்ல, எண்ணெய்க் கை.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ இன்னும் விசித்திரம். அங்கே ஸ்பரிசம் மனிதரோடு நிற்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கிடையாது. வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவதே அவர்களுக்குச் சவாரி. தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுந்து செய்கிற கொடுமையைக் கதையில் படிக்கவேண்டும். பின்னால் சிறுவன் அந்தக் கதவை ஒரு மூலையில் கண்டுபிடிக்கிறான். கரையான் ஏறிக் கிடக்கிறது. அதைத் தட்டிவிட்டுத் தடவிக் கொடுக்கிறான், கட்டிக்கொள்கிறான். தாசில்தார் கணக்கில் அது ஜப்தி செய்த மரச்சாமான். பிள்ளையின் உள்ளங்கைக்கு அது காணாமல் போன உறவு. இரண்டு கணக்குக்கும் உள்ள தூரத்தைக் கதாசிரியர் ஒரு வார்த்தை பிரசங்கம் இல்லாமல் காட்டிவிட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதே காலத்தில் தி. ஜானகிராமன் ‘சிலிர்ப்பு’ எழுதினார். ஒரு தகப்பனாரும் சிறு பையனும் ரயிலில் வருகிறார்கள். எதிரே ஓர் ஏழைச் சிறுமி. வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போகப்படுகிறாள். அம்மாவுக்கென்று பத்திரமாக வைத்திருந்த ஆரஞ்சை அந்தப் பையன் அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். தகப்பனாருக்குப் பேச்சு வரவில்லை. பிள்ளையை வாரி அணைத்துக்கொள்கிறார். ‘நீ செய்தது நல்ல காரியம்’ என்று சொல்லியிருந்தால் அது பாடப்புத்தகம் ஆகியிருக்கும். அணைத்துக்கொண்டதால் கதை ஆயிற்று.

இந்தக் கதைகளிலெல்லாம் தொடுதல் ஆறுதலாக வந்தது. தொடுதல் ஒரு பெண்ணின் தலைவிதியையே மாற்றும் என்று காட்டியவர் ஜெயகாந்தன். ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது வீடுகளில் நடந்த சண்டையைப் பழைய வாசகர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். மழை நாளில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, காரில் வந்த அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். விஷயம் தெரிந்ததும் தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு அதே கையால் மகளை இழுத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள். அக்கினி செய்யவேண்டிய வேலையை ஒரு குடம் தண்ணீரும் தாயின் கையும் செய்துவிட்டன.

சாஸ்திரம் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் கோபம் வந்தது. ஜெயகாந்தன் அதற்குப் பதில் சொன்ன விதம்தான் பிரமாதம். அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் ஊர் கேட்கக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதே பெண், அதே மழை, அதே மாலை நேரம். தாயின் கை ஒன்றுதான் மாறியது. நாவலில் வரும் கங்கா படிக்கிறாள், பெரிய உத்தியோகம் பார்க்கிறாள், சம்பாதிக்கிறாள். இருந்தும் அவளுடைய வாழ்வு அந்த ஒரு மாலையைத் தாண்டிப் போகவில்லை. 1972-இல் சாகித்திய அகாதெமி அந்த நாவலுக்குப் பரிசளித்தது. கதையையும் நாவலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஆபத்து வேளையில் நீட்டிய கைக்கும் நீட்டாத கைக்கும் விலை வித்தியாசம் என்ன என்று தெரியும். ஒரு பெண்ணின் முழு வாழ்வு அந்த வித்தியாசம்.

இனி, தொடவே கூடாது என்று விதிக்கப்பட்டவர்களைப் பார்க்கவேண்டும். இதுவரை சொன்ன கதைகளில் கை நீட்டியவர்களும் தயங்கியவர்களும் தனி மனிதர்கள். ஊரே சேர்ந்து ஒரு கூட்டத்துக்குக் கையை மறுத்த கதை நம் தேசத்தின் கதை. 1935-இல் முல்க் ராஜ் ஆனந்த் ‘அண்டச்சபிள்’ என்ற ஆங்கில நாவலை எழுதினார். தோட்டிப் பையன் பாக்கா தெருவில் போகும்போது தெரியாமல் ஒருவர்மேல் பட்டுவிடுகிறான். அவ்வளவுதான் சம்பவம். கூட்டம் கூடுகிறது, வசவு பொழிகிறது, அறை விழுகிறது. தீட்டு என்று கத்துகிற அதே மனிதர் அடிப்பதற்கு மட்டும் கையை நீட்டலாம் போலும்! அடி தீட்டாகாது என்பது தர்மசாஸ்திரத்தில் எந்த அத்தியாயமோ?

1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஹரிஜனங்களை வைத்தியநாதையர் அழைத்துப் போனார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் 17-ஆவது ஷரத்தில் தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைக் குற்றமாக்கித் தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் ஒரு கையைத் தடுக்கலாம், ஒரு கையை நீட்டவைக்க அதனால் ஆகாது. அந்த இடைவெளியை, தொடப்படாதவர்களே பேனாவை எடுத்து எழுதியபோதுதான் நாம் முழுவதும் கண்டோம். 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறுமி ஒரு காட்சியைப் பார்க்கிறாள். தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலில் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய் முதலாளியிடம் கொடுக்கிறார். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது அவளுக்கு. பொட்டலத்தில் கை பட்டால் தீட்டு என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு செத்துப்போகிறது. ஒரு சாண் நூல்! அந்த நூலின் நீளத்துக்குள் எத்தனை நூற்றாண்டு.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வந்தது. ஒதுக்கப்பட்டவர்களாலேயே ஒதுக்கப்பட்ட வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம், ஊரின் அழுக்கையெல்லாம் தன் கையால் வெளுக்கிறவள். இந்த மாதிரிக் கைகளைப் பற்றி யோசித்தால் தலை குனியவேண்டியிருக்கிறது. நம்முடைய கிராமங்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் துணி வெளுத்தவளும் யார்? பூமியில் விழுந்த பிள்ளையை முதலில் தாங்கிய கை யாருடையது? பிள்ளை பெரியவனாகிக் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் அதே கைக்குத் திண்ணைக்குக் கீழே இடம் கொடுத்தான். தாய்ப்பாலுக்கு நன்றி பாடிய தமிழ், பிறந்ததும் தன்னை ஏந்திய முதல் கைக்குப் பாட மறந்துவிட்டது.

இதெல்லாம் வெறும் உணர்ச்சி விஷயம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. விஞ்ஞானிகள் அப்படி எண்ணவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஹாரி ஹார்லோ என்ற மனோதத்துவ நிபுணர் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்தார். கம்பியால் ஒரு பொம்மைத் தாய், துணி சுற்றி மற்றொரு பொம்மைத் தாய். பால் கம்பித் தாயிடம் கிடைத்தாலும் குட்டிகள் குடித்துவிட்டுத் துணித் தாயிடம் ஓடி ஒட்டிக்கொண்டன. 1958-இல் அவர் இதை வெளியிட்டபோது, அன்பு வயிற்றிலிருந்து பிறக்கிறது என்ற சித்தாந்தம் ஆட்டம் கண்டது. அந்தக் குட்டிகள் பட்ட பாட்டை நினைத்தால் பரிசோதனையைப் பாராட்ட மனம் வரவில்லை. கு. அழகிரிசாமியின் தாயம்மாளைக் கேட்டிருந்தால் குரங்கைப் படுத்தாமலே சொல்லியிருப்பாள். பின்னர் 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் போயின. எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று இப்போது உலகெங்கும் நடக்கிறது. தாயின் தோல் கண்ணாடிப் பெட்டிக்குச் சளைத்ததல்ல என்று மருத்துவம் ஒப்புக்கொண்டது.

அந்தத் தோலின் அருமை 2020-இல் எல்லோருக்கும் ஒருசேரத் தெரிந்தது. அந்த வருஷம் மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தது. தொடாதே என்பது உலகம் முழுவதற்கும் பொதுச் சட்டமாயிற்று. பெற்ற தகப்பனாரின் முகத்தைக் கடைசியாகத் தொட்டுப் பார்க்க முடியாமல் மயானத்து வாசலில் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். பிரமநாயகம் பிள்ளையின் விசிறி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சில மாதங்கள் தொடாமல் இருந்ததற்கே இத்தனை தவித்தோம். தலைமுறை தலைமுறையாகத் தொடப்படாமல் இருந்தவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று அப்போதாவது நமக்குக் கேட்கத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றியவர்கள் சிலரே.

ஒரு விஷயத்தில் மட்டும் கதைகளை முந்திக்கொண்டது காலம். மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே படிக்க வருகிறார்கள். காலை வேளையில் டவுன் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. யார் தோள் யார்மேல் இடிக்கிறது என்று விசாரிக்க யாருக்கும் வசதியில்லை. பள்ளிக்கூடப் பெஞ்சும், சினிமாக் கொட்டகையும், நெரிசலான பஸ்ஸும், நூறு பிரசங்கங்கள் செய்ய முடியாததைச் சத்தமில்லாமல் செய்தன. ஆனால் பஸ்ஸில் இடித்துக்கொள்வது ஒன்று. ஒரு துக்கத்தில் தோளைத் தொடுவது மற்றொன்று. முன்னதற்கு இடநெருக்கடி போதும். பின்னதற்கு மனம் வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தெருக்கள் மறுபடி பிரிந்துபோகிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன.

கதைகள் இந்த மனத்தை உண்டாக்கிவிடும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ‘ராஜா வந்திருக்கிறார்’ படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அத்தனை பேரும் வாசலில் வந்து நின்ற சிரங்குப் பையனுக்கு எண்ணெய் தேய்த்துவிடவில்லை. பலர் கண்ணைத் துடைத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். அதற்காக அழகிரிசாமியைக் குறை சொல்ல முடியுமா? பிரமநாயகம் பிள்ளை, தாயம்மாள், கங்காவின் தாய் ஆகிய மூவரின் கைகளையும் அவர்கள் நம் முன்னே வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கை கடைசிவரை தொண்டு செய்தது. ஒரு கை ஊர் ஒதுக்கியதைத் தொட்டது. ஒரு கை, ஒரு கதையில் தண்ணீர் வார்த்தது, மறு கதையில் பின்வாங்கியது. படித்து முடித்துப் புத்தகத்தை மூடும்போது நம் கையை நாமே ஒரு தரம் பார்த்துக்கொள்கிறோம் அல்லவா? அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான், அச்சில் ஏறியபோது கையை இழந்த கதை, மறுபடி மறுபடி கைகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறது.